கன்னத்தில் ஒதுக்கியது

"வாயத் தொற."

அவன் திறக்கவில்லை.

இத்தனை மாதத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. அவனுக்கும் அது தெரியும். தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி, கரையேற்றிப் போட்டிருந்த பழைய விசைப்படகின் நிழலில் குந்தியிருந்தான்.

மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் அவள் பஸ் ஏறி, மீன்பிடித் துறைமுகத்தின் இந்த மூலைக்கு வந்துவிடுவாள். பையில் ஒரு பன், ஒரு தண்ணீர் பாட்டில், எச்.ஐ.வி.க்கு அவன் சாப்பிட வேண்டிய மாத்திரை.

டப்பாவோடு அவனிடமே கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. ஒன்று மழையில் ஊறிக் கரைந்தது. இன்னொன்றைப் போதை மாத்திரை என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் கடலில் எறிந்தார். அதன் பிறகுதான், தினமும் நானே கையில் கொடுக்கிறேன் என்று ஆஸ்பத்திரியில் பொறுப்பெடுத்துக்கொண்டாள்.

அவனும் வாங்குவான். "மாத்திரையாக்கா இது? அம்மிக்குழவி மாதிரி கீது" என்று கடித்து இரண்டாக்குவான்.

அந்த நேரம் பார்த்து அவள் கடல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வளர்ந்த ஆண்பிள்ளை விழுங்குவதைக் காவல் நின்று பார்ப்பது பாவமாகத் தோன்றும். அவன் கையில் இருக்கும் ஊசித் தழும்புகளை ஊரே உற்றுப் பார்க்கிறது. தானாவது பார்க்காமல் இருக்கலாம்.

நேற்று டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொன்னார். கிருமி குறையவே இல்லை.

"பிலோமினாம்மா, உங்க ஆளு உங்கள நல்லா ஏமாத்துறான். இப்படியே போனா கிருமி இந்த மருந்துக்குப் பழகிடும். அப்புறம் முழுசா சாப்பிட்டாலும் கேக்காது. என்கிட்ட வந்து அழாதீங்க."

இன்று பூசையில் ஜெபம் ஓடவில்லை. அவன் பெயர்தான் பல்லுக்கிடையில் அரைபட்டது.

"டில்லி. தொறன்னு சொன்னேன்."

திறந்தான்.

இடது கன்னத்தில், கடைவாய்ப் பல்லை ஒட்டி, பாதி மாத்திரை.

அவள் பன்னைப் பையோடு கீழே போட்டாள்.

"துப்பவும் மாட்டேங்கிற, முழுங்கவும் மாட்டேங்கிற. யாருக்குடா சேத்து வைக்கிற? தெனம் பஸ் ஏறி ஓடி வரேனே, என்னப் பாத்தா பைத்தியமா தெரியுதா?"

அவன் அதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டான். பக்கத்துப் படகைப் பார்த்தான்.

படகுக்கு அடியில் ஓர் ஆள் படுத்திருந்தான். சாக்கைப் போர்த்தி, புண்ணான காலை அதற்குள் இழுத்துக்கொண்டு. எப்போதும் அங்கேதான் கிடப்பான். டில்லியின் கூட்டாளி என்று அவளுக்குத் தெரியும். பன்னில் அவனுக்குப் பங்கு போகும் என்பதும் தெரியும். அதற்காகவே கடையில் பெரிய பன்னாகப் பார்த்து எடுப்பாள்.

"அவனுக்கா?"

"அவனுக்கும் அதே நோவுதான்க்கா."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு!"

"வந்தான்க்கா. நாறுது, வெளிய போய் நில்லுன்னாங்க. நின்னான். அப்பால யாரும் கூப்புடல. வந்து படுத்துட்டான்."

அவள் சொல்லிப் பார்த்தாள். பாதி மருந்து பாதி நோயைத் தீர்க்காது. கிருமிக்குத்தான் தைரியம் கொடுக்கும். இரண்டு பேரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

டில்லி குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரே ஊசிலதான்க்கா ரெண்டு பேரும் போட்டோம். நோவு வந்தப்போ ரெண்டு பேருக்கும் வந்துச்சு. மருந்து மட்டும் எனக்கு முழுசாவா?"

பதில் இருந்தது. இப்போதுதான் சொன்ன அதே பதில்.

காலைப் பூசையில் பாதிரியார் எல்லோருக்கும் பங்கிட அப்பத்தைப் பிட்டதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அது நினைவுக்கு வந்ததும் எரிச்சல் இன்னும் கூடியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

தினமும் இந்தப் படகைத் தாண்டித்தான் டில்லியிடம் வந்திருக்கிறாள்.

பையை எடுத்து மணலைத் தட்டினாள். உள்ளே வேறு மாத்திரை இல்லை.

படகின் பக்கம் போய் உட்கார்ந்தாள். படுத்திருந்தவன் சாக்கை அவசரமாகக் காலுக்கு இழுத்தான்.

"மூட வேணாம். ஒம்பேரு இன்னாப்பா?"

அவன் டில்லியைப் பார்த்தான். அவனே சொல்லட்டும் என்பதுபோல. நீயே சொல் என்று டில்லி தலையசைத்தான்.

படுத்திருந்தவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"தேசப்பன்."

"எந்திரி தேசப்பா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"வெளிய நிக்கச் சொல்வாங்கம்மா."

"சொல்லட்டும். நானும் ஒன்கூட வெளிய நிக்கிறேன். கூப்புடுற வரைக்கும்."

அவன் கையை ஊன்றி எழப் பார்த்தான். அவள் தோளைக் கொடுத்தாள். பாரமே இல்லை.

முதுகுக்குப் பின்னால் டில்லி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.