பன்னுக்குக் குளிருது

"ஏன் பாய், எங்க ஊட்டுக்காரரு நெஞ்சு இன்னா உங்களுக்கு ஹாட்பாக்ஸா?"

விடியறதுக்கு முன்னாடியே கவிதா பேக்கரி வாசல்ல வந்து நின்னுட்டா. மார்கழிப் பனியில எதிர்ல இருக்கற கோட்டை மலையே தெரியல. சைக்கிளப் புடிச்சுகினு நின்ன அவ புருஷன் தனகோட்டிக்கு மானம் போச்சு.

"நீ இன்னாத்துக்கு இங்க வந்த? ஊட்டுக்குப் போ."

அவ போகல. போறதுக்கா வந்தா?

தனகோட்டி, கரீம் பாய் பேக்கரியில லைனுக்குப் போறவன். கேரியர்ல பெட்டி கட்டி, செஞ்சியிலேர்ந்து தொண்டூர் வரைக்கும் வழியில இருக்கற டீக்கடைங்களுக்குப் பன்னு, ரொட்டி போடணும். போன மார்கழியில அப்படிப் போய்த்தான் நிமோனியா வந்து, ஆஸ்பத்திரியில கெடந்து, பொழச்சு வந்தான். சைக்கிள் மிதிக்கறப்ப நெஞ்சுல காத்து படக் கூடாது, இன்னொரு தடவ வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்லி அனுப்பினார்.

கேட்டானா? கவிதா வாங்கின ஸ்வெட்டர் ஊட்டுப் பெட்டியில தூங்குது. சட்டைக்குள்ளயாவது ரெண்டு பேப்பர மடிச்சு வெச்சுக்கோன்னு கெஞ்சிப் பாத்தா. "நான் இன்னா சீக்காளியா?" அவ்வளவுதான் பதில். ரோஷத்துக்கு மட்டும் கொறச்சல் கெடையாது.

இந்த லட்சணத்துல பாய் புதுசா ஒரு வேலை சேத்துட்டார். அடுப்புலேர்ந்து இறக்கின பன்ன ஆற விடாம பையில போட்டு, தனகோட்டி நெஞ்சோட சேத்துக் கட்டி, சூடு போயிடக் கூடாதுன்னு மேல ஒரு கம்பளியும் சுத்தி விடுவார். "தொண்டூர் மீனம்பாள் கடைக்கு. சூடா கேக்கறாங்க. பை நெஞ்ச விட்டு நகரக் கூடாது."

கவிதா அதத்தான் கேட்டா. "பெட்டியில வெச்சா ஆகாதா பாய்? நோவு வந்த நெஞ்சுல மூட்டையக் கட்டி மிதிக்க வெக்கறீங்களே. உங்களுக்குப் பன்னு பெருசா, மனுஷன் பெருசா?"

பாய் பன்ன அடுக்கற தட்டுலேர்ந்து தலையத் தூக்கல. "வேலைன்னா இதான். முடியலன்னா சொல்லச் சொல்லு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

"எனக்கெல்லாம் முடியும் பாய்" என்று தனகோட்டி பெடல மிதிச்சுட்டான். பொண்டாட்டி பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல.

மறுவாரம் தொண்டூர்ல ஒரு மல்லாட்டைக் கொல்லையில களை எடுக்கற வேலை கெடச்சுது. பஸ்ஸ விட்டு எறங்கின கவிதா மொதல்ல மீனம்பாள் டீக்கடைக்குத்தான் போனா.

"ஏங்கா, சூடு பன்னாத்தான் துன்னுவீங்களா உங்க ஊர்ல?"

"எந்தப் பன்னு?"

"எங்க ஊட்டுக்காரரு தனகோட்டி நெஞ்சுல கட்டிகினு வர்றாரே, அது."

"அதுவா?" மீனம்பாள் சிரிச்சா. "அத யாரும்மா கேட்டா? சூட்டோட கட்டுனா பன்னு வேர்த்து நசநசன்னு ஆயிடும். எவன் தொடுவான்? பாய்தான் போன் பண்ணி, பேசாம வாங்கி வெச்சுக்கோ, அவன்கிட்ட மூச்சு விடாதன்னார். நான் ஆட்டுக்குப் போட்டுடறேன்."

கடைக்குப் பின்னால அந்த ஆடு அசை போட்டுகினு நின்னுச்சு. நல்லா கொழுகொழுன்னுதான் இருந்துச்சு. கவிதாவுக்குப் பத்திகினு வந்துச்சு. களை எடுத்தது பாதி, பாயத் திட்டினது பாதின்னு அன்னிக்கிப் பொழுது போச்சு.

சாயங்காலம் நேரா பேக்கரிக்கு வந்தா.

"பாய், ஒரு ஆடு துன்றதுக்காக எங்க ஊட்டுக்காரர..."

"மெதுவா பேசும்மா. அவன் உள்ள பெட்டி கழுவிகினு இருக்கான்." பாய் அவள வாசலுக்குக் கூட்டிகினு வந்தார். "போன வருஷம் எங்க வீட்டம்மா மெஹராஜ் அவனுக்குன்னு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தா. நான் கம்பளி குடுத்தேன். ரெண்டையும் பெஞ்சு மேல வெச்சுட்டுப் போயிட்டான். இன்னா சொன்னான் தெரியுமா?"

"நான் இன்னா சீக்காளியான்னு கேட்டிருப்பாரு."

"அதேதான். அந்த மாசந்தானே ஆஸ்பத்திரி?" பாய் உள்ள ஒரு தடவ எட்டிப் பாத்துக்கிட்டார். "தனக்குக் குளிருதுன்னா உன் புருஷன் போத்திக்க மாட்டாம்மா. பன்னுக்குக் குளிருதுன்னு சொன்னேன். போத்திகினான்."

கவிதா மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பாத்தா.

மார்கழி பாதி போயிடுச்சு. இந்த வருஷம் அந்த மனுஷன் ஒரு தடவகூட இருமல. தான் வெச்ச கஷாயம்தான் வேலை செய்யுதுன்னு அக்கம்பக்கத்துல பெருமை வேற பேசிகினு இருந்தா. ஒரு வருஷமா ராத்தூக்கம் இல்லாம பண்ணின பயம் எறங்கினதுல, அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு.

"வேற ஆளப் பாத்துக்கறேன்னு சொன்னத மனசுல வெச்சுக்காதம்மா. அவன் எதிர்ல வேற எப்படிப் பேசறது?" என்றார் பாய்.

மறுநாள் விடியக்காலம் மறுபடியும் பேக்கரி வாசல்ல வந்து நின்னா. பைய நெஞ்சுல கட்டிகினு இருந்த தனகோட்டி தலையில கைய வெச்சுகினான்.

"மறுபடியும் சண்டையா?"

கவிதா அவனக் கண்டுக்கவே இல்ல.

"நேத்து தொண்டூர்ல மீனம்பாள் அக்கா மூஞ்சிக்கு நேரா கேக்குது பாய். பன்னு ஆறிப்போய் வருதாம். இவரு வழியில கம்பளிய அவுத்துடறாரு போல. இனிமே காதையும் சேத்துக் கட்டி அனுப்புங்க."