கூடுதலாக ஒரு சூரியகாந்தி

"அப்பா, நாம ஆறு விதைதானே போட்டோம்? இப்ப ஏழு செடி நிக்குது!"

வேலியோரம் குந்தியிருந்த பிப்பா, விரல்விட்டு மறுபடியும் எண்ணினாள். அவளுக்கு எட்டு வயது. பக்கத்தில் ஐந்து வயது ஹ்யூகோ, செடிக்கு விட வேண்டிய தண்ணீரைத் தன் பூட்ஸுக்குள் விட்டுக்கொண்டிருந்தான்.

ரஸ்ஸல் குனிந்து பார்த்தான். ஆறு சூரியகாந்திகள் அவன் இடுப்புக்கு வளர்ந்திருந்தன. வரிசையின் கடைசியில், இரண்டே இலையோடு ஒரு பொடிச் செடி.

"ஏதாவது காக்கட்டூ கிளி கொண்டுவந்து போட்டிருக்கும்," என்றான்.

"காக்கட்டூ விதையைத் தின்னும்ப்பா. குழி தோண்டி மூடி வைக்குமா?" பிப்பா தம்பியைப் பார்த்தாள். தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

ரஸ்ஸலுக்குப் புரிந்துவிட்டது. திருட்டுக் கழுதைகள்!

அவனும் மனைவி நெரிடாவும் பிரிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நெடுந்தூர லாரி ஓட்டுபவன் அவன். வருகிறேன் என்று சொன்ன நாளில் வீட்டுக்கு வந்ததே கிடையாது. ஹ்யூகோ மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டபோதும் நெரிடாதான் தனியாகத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒருநாள் அவன் துணிமணிகளைப் பையில் போட்டு வாசலில் வைத்தாள். சண்டைகூடப் போடவில்லை. அவன் டூவும்பா நகரில் ஓர் அறை எடுத்துத் தங்கினான்.

செப்டம்பரில்தான் விதைப் பொட்டலத்தோடு அவள் வாசலில் வந்து நின்றிருந்தான்.

"வடக்கே ரொம்ப தூரத்துல இருக்கிற டார்வின் ரூட்டுக்குக் கூப்பிடறாங்க. போனா மாசக்கணக்கா திரும்ப முடியாது. அதுக்கு முன்னாடி பிள்ளைங்களோட சேர்ந்து இதை வளர்க்கணும்னு ஆசை. எல்லாப் பூவும் பூக்கிற வரைக்கும் சனிக்கிழமைதோறும் வரேன்."

நெரிடா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"எல்லாப் பூவும்னா எல்லாப் பூவும்தான். ஒண்ணு மிச்சம் இருந்தாலும் வரணும். நடுவுல டிமிக்கி குடுத்தே, அப்புறம் இந்தப் பக்கமே தலை காட்டக்கூடாது. பின்கதவு வழியா வா, தோட்டத்தோட போ."

அவன் டிமிக்கி கொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. நத்தை பொறுக்கினான், குச்சி நட்டுக் கட்டினான். ஹ்யூகோ தினம் தோண்டித் தோண்டி "முளைச்சிருச்சா?" என்று பார்த்த விதையைத் திரும்பத் திரும்பப் புதைத்தான்.

டிசம்பரில் ஆறும் பூத்தன. பிப்பாவைத் தோளில் தூக்கி வைத்தால்தான் பூவின் முகம் எட்டியது. ஆனால் ஏழாவது அப்போதுதான் முழங்கால் உயரம். அது ஜனவரியில் பூத்தபோது எட்டாவது வந்திருந்தது. பின்னாலேயே ஒன்பதாவது.

"உன் சூரியகாந்தி இந்த ஜென்மத்துல பூக்குமாய்யா?" என்று முதலாளி போனில் கத்தினார்.

பிள்ளைகள் தன்னைப் பிடித்து வைக்கப் பார்க்கிறார்கள் என்று ரஸ்ஸல் நினைத்துக்கொண்டான். தெரியாதவன் மாதிரியே நடித்தான். ஒவ்வொரு புதுச் செடிக்கும் "அட!" என்றான்.

நெரிடா மட்டும் முகம் கொடுக்கவில்லை. "அந்த ஓரத்துல மிதிக்காதே", "குழாயைச் சரியா மூடு", அவ்வளவுதான். ஜனவரியில் ஒருநாள் பின்வாசல் படியில் அவனுக்கு ஒரு கோப்பை டீ இருந்தது. பிறகு வாராவாரம் இருந்தது.

"சர்க்கரை சரியா இருக்கே," என்றான் ஒருமுறை.

"பத்து வருஷமா போட்ட சர்க்கரை. மறந்தா போகும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி கடைசியில் ஒன்பதாவதும் இதழ் விரித்தது. அன்று காலைதான் முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை டார்வினுக்குக் கிளம்பினால் வேலை அவனுக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு.

ரஸ்ஸல் பிப்பாவின் முன்னால் மண்டியிட்டான்.

"குட்டி, அப்பா திங்கட்கிழமை கிளம்பணும்."

அவள் முகம் சுருங்கியது.

"எங்க இருந்தாலும் தினம் போன் பண்ணுவேன். அப்பாவுக்கு எல்லாம் தெரியும்டா. எனக்காகத்தானே செஞ்சீங்க? ஆனா இனிமே விதை போடாதீங்க, சரியா?"

"நாங்களா?" பிப்பா விழித்தாள். "நீதானேப்பா போடறே!"

"நானா?"

"அம்மாகிட்ட உன்னைக் காட்டிக் குடுக்கக்கூடாதுன்னு நானும் ஹ்யூகோவும் மூச்சுகூட விடலையே! இவன் ரெண்டு தடவை உளறப் பார்த்தான், நான்தான் வாயைப் பொத்தினேன்."

"சத்தியமா நான் இல்லடா குட்டி."

"சத்தியமா நாங்களும் இல்ல!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குழாயடியில் நகக்கண்ணில் அப்பியிருந்த ஈரமண்ணைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த நெரிடா, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"பத்தாவதை இப்பத்தான் ஊனிட்டு வரேன். பூக்க எப்படியும் ரெண்டரை மாசம் ஆகும்னு உன் முதலாளிகிட்ட சொல்லிடு."