முறைத் தண்ணீர்

அக்டோபர் 19, கீழத்தென்பாதி. பிற்பகல் மூன்று மணிக்குக் கடைமடை வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

அவள் மடையில் கொசுவலையை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் நேராக அவள் வயலுக்கு வராது. வைத்திலிங்கத்தின் வயலில் ஏறி, நிறைந்து, பொது வரப்பின் மடை வழியாக இறங்க வேண்டும். அவர் வயல் மேடு. அவளுடையது பள்ளம்.

தண்ணீர் விடும் முறை பொழுது சாயும் வரைதான். அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

மழை இல்லை.

அவளுக்குப் பின்னால் மூன்றாவது நடவு. முதல் இரண்டையும் நத்தை தின்றுவிட்டது. இந்த ஊர் நத்தை அல்ல. கைமுட்டி அளவு இருக்கும். இளந்தண்டைத் தண்ணீர் மட்டத்தில் அறுத்துவிடும்.

பொறுக்கினாள். வாளி வாளியாகப் பொறுக்கினாள். மிச்சம் கொஞ்சம் சேற்றுக்குள் புதைந்து கிடந்தது. நாற்று வேர் பிடித்திருந்தது.

மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

இந்தப் போகமும் விளையாவிட்டால் நிலம் இறால் குட்டைக்குப் போகும். நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். குத்தகைக்கு வேறு நிலம் தர ஆளில்லை.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். ஜெனிட்டா. கல்லூரியிலிருந்து, நத்தை ஆய்வுக்கு. இரண்டு வயலிலும் அள்ளி வந்து, வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஓட்டின் வாயை அடைக்கும் மூடியைப் பார்த்தாள். குழிந்திருந்தால் பெண். புடைத்திருந்தால் ஆண். சந்தேகம் வந்ததை உடைத்துப் பார்த்தாள்.

"அக்கா, உங்க வயல்ல அத்தனையும் ஆண். அவரு வயல்ல அத்தனையும் பெண்."

சில முட்டைக் கொத்து அப்படித்தானாம். ஒன்று பாதிக்குப் பாதி பொரிக்கும். ஒன்று பெண்ணாகவே. ஒன்று ஆணாகவே. நிறையக் கொத்து சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும். இங்கே வயலுக்கு ஒரு கொத்துதான் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கிறது. இருப்பவை செத்தால் அதோடு முடிந்தது.

"சேந்துட்டா?"

ஜெனிட்டா வாய்க்கால் போகும் திசையைப் பார்த்தாள்.

"கடைமடை முழுக்கப் பரவிடும்க்கா. அந்தப் பொது மடைய மட்டும் தொறந்துடாதீங்க."

வைத்திலிங்கம் சிரித்தார். "பொண்ணு எங்க வீட்ல, மாப்ள ஒங்க வீட்ல. அப்பறமென்ன சம்பந்தியம்மா, நாள் பாத்துருவமா?"

அவர் பயிர் முன்பட்டம், அவளுக்கு முன்பே நட்டது. தூர் கட்டிவிட்டது. முற்றிய தண்டை நத்தை தொடாது.

தண்ணீர் வலையில் மோதியது.

பாசி அடைத்தது. வழித்து எறிந்தாள். மறுபடி அடைத்தது. பாசிக்குள் வைக்கோல். வைக்கோலுக்குள் நத்தை. பிடுங்கி வரப்பில் வீசினாள். வலையின் அந்தப் பக்கம் அடுத்தது ஒட்டிக்கொண்டது.

இந்தப் பக்கம் கசிந்தது. அவ்வளவுதான்.

மடையோரம் நாலு குத்து நாற்று நனைந்தது. நடுவயல் வெளுத்தே கிடந்தது. நாற்றின் நுனி சுருளத் தொடங்கியிருந்தது.

வழித்தாள். அடைத்தது. வழித்தாள்.

வைத்திலிங்கம் மண்வெட்டியோடு வரப்பில் வந்து நின்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

"எனக்கு நெரம்பிடுச்சும்மா. இதுக்கு மேல நின்னா பயிரு அழுவிரும். ஒண்ணு நீ வாங்கிக்க. இல்லன்னா வடிகால்ல வெட்டி உட்டுர்றேன்."

அவள் மறுபடி வலையை வழித்தாள்.

"நீயே சொல்லு. நாஞ் சொல்ல மாட்டேன்."

வெயில் கருவை மரங்களுக்கு அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.

வலையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நனைந்து இறுகியிருந்தது.

அரிவாளால் அறுத்தாள்.

தண்ணீர் சத்தத்தோடு விழுந்தது. அவள் மடைக்குள் இறங்கி உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் துழாவினாள். அகப்பட்டதை எல்லாம் மேலே வீசினாள். அகப்படாதவை தொடைக்கு அடியிலும் முழங்காலுக்கு இடையிலும் உருண்டு போயின.

கை மரத்துப்போகும் வரை துழாவினாள்.

பின்னால் வயல் நனையும் ஓசை கேட்டது.

நாற்று பிழைத்தது. தை மாதம் அவள் வயலில் அறுவடை நடந்தது. நிலத்துக்காரர் குத்தகையை மேலும் ஓராண்டுக்கு விட்டுவைத்தார்.

அந்த அடுத்த ஆண்டு கடைமடை முழுக்க நத்தை. கீழத்தென்பாதியில் யாரும் நடவில்லை.