தோழர் மட்டும் இறங்க வேண்டாம்

"எல்லாரும் இறங்குங்க! சீக்கிரம்!"

கொட்டுற மழையில, மலை இறக்கத்துக்கு முன்னாடி பஸ்ஸை நிறுத்திட்டு டிரைவர் டோடா கத்தினான்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மடியில என் பொண்ணு லூலே. உடம்பு அனலாக் கொதிக்குது. எங்க பூக்கா ஊர் டாக்டர் கையை விரிச்சுட்டார். ஷ்கோத்ரா பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறேன்.

"யோவ், கண்ணு தெரியுதா இல்லையா உனக்கு? காய்ச்சல்ல கிடக்கிற குழந்தைய்யா!"

"கம்பளியைப் போர்த்தித் தூக்கிக்கோ. கீழே வளைவுல ஜல்லி கொட்டிக் கிடக்கு. அதைத் தாண்டிப் போய் நில்லுங்க. நீங்க போய்ச் சேர்ந்தப்புறம்தான் வண்டியை எடுப்பேன்."

"எதுக்கு இறங்கணும்? காரணத்தைச் சொல்லு!"

"இறங்குன்னா இறங்கு."

காரணம் கேட்டா நம்ம நாட்டுல யாரு சொல்லியிருக்காங்க, இவன் சொல்றதுக்கு? எல்லாரும் முணுமுணுத்துக்கிட்டே எழுந்தாங்க.

முன்சீட்டுல கட்சிக் கமிட்டிக்காரர், தோழர் ரக்கிப். தன்னோட புது ஷூவைப் பார்த்தார். வெளியில சேத்தைப் பார்த்தார்.

"நானுமா?"

"அட, நீங்க எதுக்குத் தோழர்? நீங்க உக்காருங்க." டோடா குரல்ல வெண்ணெய் வழிஞ்சுது.

எனக்கு வயிறு எரிஞ்சுது. "அப்ப என் பொண்ணும் தோழர் பக்கத்துல உக்காந்து வரட்டும். நான் மட்டும் நடக்கிறேன்."

"குழந்தையா? முதல்ல அதைத் தூக்கிட்டு இறங்கு!" டோடா பாஞ்சு வந்தான். தன்னோட கோட்டைக் கழட்டி லூலே மேல எறிஞ்சான். கிட்டத்தட்ட என்னைத் தள்ளித்தான் விட்டான்.

படுபாவி!

சேறு கணுக்கால் வரைக்கும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் அதல பாதாளம். பக்கத்துல நடந்த ப்ரெண்டா அக்கா எனக்கு மேல கொதிச்சா.

"இவன் அப்படிப்பட்டவன்தாண்டி. போன மாசம் டிப்போ மெக்கானிக் ஜோவலினை விடியக்காலையில வந்து கூட்டிட்டுப் போனாங்களே, காட்டிக் குடுத்ததே இவன்தானாம். ஒரே அறையில தங்கி, ஒரே ரொட்டியைப் பிச்சுத் தின்னவனை!"

"எதுக்காம்?"

"யாருக்குத் தெரியும்? ஜோவலின் பொண்டாட்டி, புருஷன் வெளியூர் வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லிக்கிட்டுத் திரியறா. நாமளும் தலையை ஆட்டிட்டு வர்றோம். மெதுவாப் பேசு."

எதிர் மலையில வெள்ளைக் கல்லை அடுக்கிப் பெருசா எழுதியிருந்துச்சு: 'அல்பேனியா யாருக்கும் அஞ்சாது.' யாராவது கேட்டிருப்பாங்களோன்னு நாங்க ரெண்டு பேரும் ஒருதடவை பின்னாடி திரும்பிப் பார்த்துக்கிட்டோம்.

ஜல்லிக் குவியலைத் தாண்டி நின்னோம். அப்புறம்தான் மேலே பஸ் கிளம்பிச்சு.

"வர்றார் பாரு ராஜா, மந்திரியோட!" என்றேன்.

ஆனா பஸ் வந்த விதம் சரியில்லை. விடாம ஹாரன். எஞ்சின் அலறுது. பாறையோட உரசி உரசி, தகரம் கிழிய, வேகம் ஏறிக்கிட்டே வருது. என் கை தானா நெத்திக்குப் போச்சு. சாமியே கூடாதுங்கிற நாட்டுல சிலுவை போட்டா அதுக்கும் ஜெயில்தானே? தலைத்துணியை இழுத்து விடுற மாதிரி சமாளிச்சேன்.

பஸ் ஜல்லிக் குவியல்ல மூக்கைப் புதைச்சு, குலுங்கி நின்னுச்சு.

டோடா இறங்கினான். உள்ளே தோழர் ரக்கிப் முன்கம்பியைக் கட்டிப் பிடிச்சபடி, முகத்துல ரத்தமே இல்லாம உக்காந்திருந்தார்.

நான் டோடாவோட சட்டையைப் பிடிச்சேன். "என்னய்யா ஓட்டறே?"

"பிரேக் இல்லைக்கா," என்றான், எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி. "சமதளத்துல சமாளிச்சுடுவேன். இறக்கத்துல பிடிக்காது."

லூலேயைச் சுத்தியிருந்த அவன் கோட்டை இறுக்கினேன்.

"பாவி மனுஷா, முன்னாடியே வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னான் ஒருத்தன், டிப்போ கூட்டத்துல. நம்ம நாடு சீனாவோட சண்டை போட்டதுலேருந்து அங்கேருந்து வண்டிச் சாமான் வரலை, பிரேக் எல்லாம் தேஞ்சு போச்சுன்னு ஜோவலின் எழுந்து சொன்னான். இப்ப எங்கே இருக்கான் அவன்?"

எனக்கு அழுகை முட்டிச்சு. அழுகையை விடக் கோவம்தான் அதிகமா வந்துச்சு. யார் மேலன்னுதான் சொல்ல முடியலை.

"சரி, உள்ளே இருக்கிற அந்தத் தோழரை மட்டும் ஏன் இறக்கலை? அதுவும் ஒரு உசுருதானே?"

டோடா மழையில நனைஞ்ச மீசையைத் துடைச்சுக்கிட்டான்.

"அதெல்லாம் எதிரி கிளப்பின பொய், நம்ம பஸ் பிரேக் எல்லாம் நல்லா இருக்குன்னு அந்தக் கூட்டத்துல மேசையைத் தட்டிச் சொன்னவர் இவர்தான். இவரை எப்படிக்கா இறங்கச் சொல்றது?"

எல்லாரும் சேர்ந்து தள்ளி, பஸ்ஸை ஜல்லியிலேருந்து எடுத்தோம். ஏறினோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கலை.

அடுத்த இறக்கம் வந்துச்சு. டோடா பஸ்ஸை நிறுத்தினான். அவன் வாயைத் திறக்கிறதுக்குள்ள தோழர் ரக்கிப் புது ஷூவோட சேத்துல குதிச்சுட்டார்.

"இறங்குங்க, இறங்குங்க! நடக்கிறது உடம்புக்கு நல்லது, தோழர்களே!" என்றார்.

"ஆமா தோழர்," என்றோம் எல்லாரும்.