ஒரு காதில் மட்டும்

“நானா, நீங்க குடுத்த ஹெட்போன்ல ஒரு காதுலதான் சத்தம் வருது!”

பூனாகலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து யோகராஜ் பதுளைக் கடைக்கு போன் போட்டான். பக்கத்து வீட்டு சிவசக்தி அக்காவின் மாமனார் இறந்து, பதினாறாம் நாள் காரியம் இன்னும் முடியவில்லை. இழவு வீட்டுச் சுவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டு கிட்டார் வாசிக்க முடியுமா? திருவிழாக் கச்சேரியோ நெருங்கிவிட்டது. அதனால்தான் ஆம்ப்ளிபயரில் ஹெட்போனை மாட்டி ஒரு வாரமாகப் பழகுகிறான்.

“வயரப் புடுங்காம, ஹெட்போனக் காதுல இருந்து மட்டும் கழட்டிட்டு வாசிச்சுப் பாருங்க தம்பி,” என்றார் கடைக்கார ஜௌபர் நானா.

வாசித்தான். ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் வீடே அதிர அலறியது.

“ஹெட்போன் வயரு பின்னு ஆம்ப்ளிபயருக்குள்ள பாதிதான் போயிருக்கு. நல்லா அமுக்குங்க. அப்பதான் ஸ்பீக்கர் நிக்கும், ரெண்டு காதுலயும் வரும்.”

அமுக்கி வாசித்தான். இரண்டு காதிலும் வந்தது. அப்போதுதான் யோகராஜுக்கு உறைத்தது. அப்படியென்றால் இந்த ஒரு வாரமும் லயமே கேட்டிருக்கிறது!

கதவு தட்டும் சத்தம். திறந்தால் சிவசக்தி நின்றாள்.

“அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. இனிமே ஒரு சத்தமும் வராது.”

“ஐயையோ, அப்படிப் பண்ணிப்புடாத!” அவள் குரலைத் தாழ்த்தினாள். “காரியம் முடியிற வரைக்கும் டிவி, ரேடியோ எதையும் தொடக்கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. நாங்க போட்டாத்தானே குத்தம்? செவுத்து வழியா வந்தா நாங்க என்ன பண்ணுறது?”

யோகராஜ் உள்ளே போய், ஹெட்போன் பின்னைப் பழையபடி பாதிக்கு இழுத்துவிட்டான்.