ரூபா கேட்ட ஸ்டீக் பாஸ்தா

சமையலறை ஜன்னலை இறுகச் சாத்திவிட்டுத்தான் பொற்கொடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

இரும்புத் தோசைக்கல் புகையும்வரை பொறுத்தாள். உப்பும் மிளகும் தடவிய கறித்துண்டைப் போட்டதும் சுர்ரென்று கத்தியது.

மாட்டுக்கறி. கீழ்வீட்டில் வீட்டுக்காரர் திம்மப்பன் இருக்கிறார்.

குடிவந்த அன்றைக்கே சொல்லியிருந்தார். கோழி ஆக்கலாம், மீன் பொரிக்கலாம், 'அது' மட்டும் கூடாது. எது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

ஓசூரில் வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம், என்ன வேலை என்று கேட்கும் முன்னே, சொந்த ஊரான பாரூரில் எந்தத் தெரு என்றுதான் கேட்டார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி, சூளகிரிப் பக்கத்து கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர், எதுவும் எடுபடவில்லை. தெருப் பேரைக் கேட்டதும் வீடு திடீரென்று யாருக்கோ பேசி முடிந்திருக்கும்.

கடைசியில் கூட வேலை செய்யும் ரூபாதான் தான் எடுத்திருந்த வீட்டில் ஓர் அறையைக் கொடுத்தாள். "என் தங்கச்சி மாதிரி அங்கிள்" என்று திம்மப்பனிடம் சொன்னாள்.

அந்த ஒரு பேச்சுக்காக பொற்கொடி அவளுக்கு எதையும் செய்வாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வருகிறாள். கரும்பு வெட்டியே காய்த்துப்போன கைகளோடு, இனி பாரூருக்குத் திரும்பாமல் மகளோடேயே இருந்துவிட வருகிறாள். அக்கம்பக்கத்திலெல்லாம் சொல்லிக்கொண்டாயிற்று, ஆட்டையும் விற்றாகிவிட்டது.

அதைச் சொன்னபோது ரூபா போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இங்கயா? இந்த வீட்லயா?"

"பின்ன, எனக்கென்ன நாலு வீடா இருக்குது?"

ரூபா சிரித்துவிட்டாள். "வரட்டும்டி, வரட்டும். அதுக்குள்ள எனக்கு ஒருவாட்டி ஸ்டீக் பாஸ்தா பண்ணிக் குடுத்துடு. நல்லா காரமா, கிரீம் ஊத்தி. பெங்களூர்ல தின்னதுலேர்ந்து நாக்கு அலையுது."

"மாட்டுக்கறின்னு சொல்லித் தொலையேன். எங்கம்மா வந்தா தெனத்துக்கும் ஆக்கிப் போடும்."

"ஸ்டீக்குடி அது. கறிய நீயே பாத்து வாங்கியாந்துடு. உங்களுக்குத்தான் நல்லது கெட்டது தெரியும்."

உங்களுக்கு என்றது சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து கேட்கிற பேச்சுதானே என்று விட்டுவிட்டாள்.

கறிக்கடை பாய் எலும்பில்லாத மெத்தென்ற அண்டர்கட் துண்டாகப் பார்த்துக் கொடுத்தார். மூன்று உறை போட்டு, டிபன் டப்பாவுக்குள் வைத்து, ஆபீஸ் பையின் அடியில் திணித்து, திருட்டுப் பொருளைப் போலக் கொண்டுவந்தாள். திம்மப்பன் வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். பொற்கொடி தலையாட்டிக்கொண்டே பையை இறுக்கிப் பிடித்து மாடியேறினாள்.

கறியின் இரண்டு பக்கமும் நன்றாகச் சிவந்ததும் எடுத்து மூடிவைத்தாள். வெண்ணெயில் பூண்டை வதக்கினாள். ஒன்றிரண்டாக இடித்த வரமிளகாயைத் தூவ, காரம் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தீயைக் குறைத்து கிரீமை ஊற்றினாள். தீ கூடினால் திரிந்துவிடும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள்.

ரூபா போனும் கையுமாக உள்ளே வந்தாள்.

"அப்பா, என்னா பொக!" என்று ஜன்னலை விரியத் திறந்துவிட்டாள்.

"சாத்துடி லூசு! கீழ போயிடும்."

"போனாத்தான் என்ன? அந்த முட்டிய வெச்சிக்கினு அங்கிள் மாடி ஏறப்போறாரா? ஒனக்கு எல்லாத்துக்கும் பயம்டி."

பொற்கொடிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உண்மைதான், முட்டி வலிக்காரர், வாடகையைக்கூடக் கீழேயிருந்தபடியே கூப்பிட்டுத்தான் கேட்பார்.

ரூபா போனைக் காதில் வைத்தபடி முன்னறைக்குப் போனாள். பொற்கொடி கறியை மெல்லிய வில்லைகளாக அரிந்தாள். ஒன்றை வாயில் போட்டாள். வெண்ணெயாய்க் கரைந்தது. அம்மாவுக்கு இந்த கிரீம் பிடிக்காது, மிளகாயை மட்டும் மெச்சும் என்று நினைத்துக்கொண்டே பாஸ்தாவைக் கொட்டிக் கிளறினாள்.

காலிங்பெல் அடித்தது.

ரூபா கதவைத் திறந்தாள். வாசலில் திம்மப்பன். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மூச்சிரைத்தார். யாரையும் கேட்காமல் சமையலறைவரை வந்து வாணலியை எட்டிப் பார்த்தார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் முந்தும்.

"ஏனம்மா இது? என்னம்மா இது?"

பொற்கொடி அவர் பின்னால் வந்து நின்ற ரூபாவைப் பார்த்தாள். நான்தான் கேட்டேன் அங்கிள், தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று இப்போது சொல்லிவிடுவாள். சொன்னால் அடங்கிவிடுவார். அவள் சொன்னால் கேட்கிறவர்தான்.

"நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன் அங்கிள்," என்றாள் ரூபா. "அவங்க வீட்டுப் பழக்கம். விட முடியலயாம்."

அடுப்பில் கிரீம் கொப்புளம் விட்டது.

"யே ரூபா, என்னடி பேசற? யாருக்குடி ஆக்கறேன் இத? வாயத் தொறந்து சொல்லு!"

ரூபா போன் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாதம்மா," என்றார் திம்மப்பன். "ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒன் சாமானெல்லாம் எடுத்துக்கினு போயிடு." ஒவ்வொரு படியாக முனகிக்கொண்டு இறங்கிப் போனார்.

ரூபா முன்னறைக்குத் திரும்பினாள். பொற்கொடி அடுப்பை அணைத்தாள். ஆட்டை விற்றுவிட்டு பஸ் ஏறக் காத்திருக்கிற அம்மாவிடம் என்னவென்று சொல்வது?

வாணலியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு நடந்தாள். அழப்போவதில்லை. ரூபாவின் முகத்துக்கு நேரே வைத்து, நீ கேட்டதுதானே, தின்னு என்று சொல்லப் போகிறாள்.

சாப்பாட்டு மேசை ஒழுங்காக எடுத்துவைக்கப்பட்டிருந்தது. பெல் அடிப்பதற்கு முன்பே ரூபா வைத்திருக்கிறாள். தண்ணீர் டம்ளர், முள்கரண்டி, மடித்த காகிதக் கைக்குட்டை.

தட்டு ஒன்றுதான் இருந்தது. பொற்கொடியின் தட்டு.