கேள்வி கேட்கும் திரை

தலவாக்கலைக் கணினி வகுப்பின் தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. நாளுக்குப் பதினெட்டுக் கிலோ தேயிலைக் கொழுந்து எடுக்க வேண்டியவர் பதினொன்று எடுத்தால் மீதி எவ்வளவு என்று ஆசிரியர் அன்டன் சேர் பலகையில் எழுதிப்போட்ட புரோகிராம், எல்லாத் திரைகளிலும் ‘இன்னும் 7 கிலோ’ என்கிறது. ஷாமிலாவின் திரையில் மட்டும் ‘இன்று எத்தனை கிலோ?’ என்ற கேள்வி. பக்கத்தில் வெள்ளைக் கோடொன்று விட்டுவிட்டு மின்னுகிறது. எண்ணைக் கேட்டு வாங்கிக் கணக்குப் போட வைப்பதை சேர் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. “யாருக்கிட்ட காப்பியடிச்ச? உண்மையச் சொல்லலன்னா நாளையிலருந்து வகுப்புக்கு வராத,” என்கிறார் ஷாமிலாவிடம். “பொஸ்தகத்துல பின்னாடி இருந்திச்சு சேர்.” “யூடியூப் மாமா வந்து சொல்லிக்குடுத்தாராம் சேர்,” என்கிறாள் பக்கத்து இருக்கை பஸ்மிலா. வகுப்பு சிரிக்கிறது. சேர் நம்பாமல் ஷாமிலாவின் கணினியில் பத்து என்று தட்டுகிறார். இன்னும் 8 கிலோ. பதினாறு தட்டுகிறார், இன்னும் 2. கண்ணாடியைத் துடைத்தபடியே அவள் மடியில் போன் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கிறார். ஈரப் பாவாடையின் மேல் இரண்டு கைகள்தான் இருக்கின்றன. “பலகையில பதினொன்னுன்னு எழுதியிருக்கேன்ல? அப்பறம் எதுக்கு இந்தக் கேள்வி?” ஷாமிலா ஜன்னலுக்கு வெளியே, மழையில் மறைந்துபோன தேயிலை மலையைப் பார்க்கிறாள். “அம்மா இன்னும் மலையில நிக்கிறாங்க சேர். எத்தனைன்னு அவங்க வந்தாதான் தெரியும்.”